சுவெட்டருக்கு மேலே கட்டிய வாட்ச்

உயிரோடு இருக்கிற அப்பாவுக்குக் குழி வெட்டவைத்த மகன், மாத்தளை மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊரே சொல்லிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?)

அம்மா போனபோது நான் பக்கத்தில் இல்லை. மாத்தளை டவுனில், நான் வேலை பார்க்கும் கந்தோரில், யாருடையதோ பிறந்தநாள் கேக் தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேக் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அதனால் அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் என்று டாக்டர் சொன்ன அன்றே முடிவு செய்தேன்: இவருக்கு ஏதாவது என்றால் எனக்கு உடனே தெரிய வேண்டும். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலையில் நான் பஸ் ஏறினால் அவர் தனிதான்.

அப்படித்தான் அந்த ஸ்மார்ட் வாட்ச் வந்தது. சார்ஜே போட வேண்டாம். உடம்புச் சூட்டுக்கும் வெளிக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தில் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே எடுத்துக்கொள்ளும். நாடித் துடிப்பையும் உடம்புச் சூட்டையும் என் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, தினமும் சாவி கொடுக்கும் தன் பழைய வாட்ச்சை மனமில்லாமல் கழற்றினார்.

"இதுக்கு சாவி எங்கடா?"

"நீங்கதான்பா சாவி. ஒங்க சூட்டுலதான் ஓடும்."

"அப்ப காய்ச்சல் வந்தா வேகமா ஓடுமோ?"

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு குளிர்ந்த காலை, கந்தோரில் தேத்தண்ணீர்க் கோப்பையும் கையுமாக நிற்கும்போது போன் அலறியது. துடிப்பு இல்லை. உடம்புச் சூடு இறங்குகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது. கடைசியில் வாட்ச்சே அடங்கிவிட்டது. அப்பாவின் போனுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரத்தோட்டையில் இருக்கிற தாய்மாமாவுக்கு அழைத்து, "மாமா, அப்பா போயிட்டாரு" என்றேன். அவ்வளவுதான் சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

அதுவே போதுமாக இருந்தது. டவுனிலிருந்து நான் சொன்னதால், அப்பா மாத்தளை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், பெட்டி என்னோடு வரும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் சாவு என்றால் யாரும் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. ஆண்கள் மண்வெட்டியோடு மயானத்துக்குப் போவார்கள், மற்றவர்கள் பாதையெல்லாம் வெள்ளைக்கொடி கட்டுவார்கள். நான் பிடித்த ஆட்டோ மலைப்பாதையில் பஞ்சர் வேறு ஆகி, ஒருவழியாக வந்து சேர்ந்தபோது, பூட்டிய வீட்டு வாசலில் தப்பு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"பெட்டி எங்க மருமகனே?" என்றார் மாமா.

"அப்பா உள்ள இல்லையா?"

"உள்ளயா? ஒங்கூட வர்றாருன்னுல்ல நெனச்சோம்!"

அப்போதுதான் கீழே பஸ் வந்து நின்றது. போனை வீட்டில் மறந்துவிட்டு உக்குவளைக்குச் சாமான் வாங்கப் போயிருந்த அப்பா, கருவாட்டுப் பையோடு இறங்கினார். வெள்ளைக்கொடி வரிசை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்தார். அந்த வீட்டில் இரண்டு பேர். தான் செத்துப்போகவில்லை என்பது அவருக்கு நிச்சயம்.

"ஐயோ, எம் புள்ள! என்னயத் தனியா உட்டுட்டுப் போயிட்டியே!"

செத்தவரே மாரடித்துக்கொண்டு படியேறி வருவதைக் கண்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அலறியடித்து ஓடினார்கள். தப்பு நின்றது. நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் என் முகத்தையும் தலையையும் தடவித் தடவிப் பார்த்தார். அப்படியும் நம்பாமல் அழுதார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாக்குக்கடியில் மாத்திரை வைத்து, மூச்சு சீராகும்வரை அவர் காலடியிலேயே கிடந்தேன். அவரைக் காப்பாற்ற வாங்கிய சாமானால் நானே அவரைக் கொல்லப் பார்த்தேன் என்ற நினைப்பு இன்றும் என்னை உலுக்குகிறது.

வாட்ச் அவர் கையில்தான் இருந்தது. தடித்த கம்பளி சுவெட்டரின் கைக்கு மேலே.

"ஏன்பா இப்பிடிக் கட்டுனீங்க?"

"மலைக்கு வேலைக்குப் போன காலத்துலருந்து இப்பிடித்தான்டா கட்றேன். குளிருல கையச் சுருட்டி மணி பாக்க ஏலுமா?" என்றார். வாட்ச்சைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "எஞ் சூட்டக் குடிச்சிட்டு என்னையே செத்தவன்னு சொல்லுது, நன்றி கெட்டது."

வெட்டிய குழியைச் சும்மா மூடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், ஒரு வாழைத்தண்டைப் புதைத்தோம். அப்பாவும் வந்து ஒரு பிடி மண் போட்டார். பழைய வாட்ச்சுக்கு மறுபடி சாவி கொடுக்கத் தொடங்கினார்.

பின்னொரு மழைக்காலத்தில், ஒரு மத்தியானம், அவர் உண்மையிலேயே போனார். இந்த முறை நான் பக்கத்தில்தான் இருந்தேன். மாமாவுக்கு அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மொதல்ல சுவெட்டரக் கழட்டிப் பாரு மருமகனே!"

"இல்ல மாமா. கையப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

சிரிப்பு நின்றது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது அசந்து தூங்கினால், "சுவெட்டரக் கழட்டிப் பாருங்க" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அன்று போனை வைத்தபிறகு நான் உண்மையாகவே கழற்றிப் பார்த்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.