வேன் நிறைய ஹேஷ்டேக்

வேனைக் கழுவித் துடைத்து, நான்கு பக்கமும் படம் பிடித்து, இன்ஸ்டாகிராமில் ஏற்றி இரண்டு வாரமாகியும் புவனேசனுக்கு வந்த ஒரே அழைப்பு ஜெயகுமாருடையது. ஜெயகுமாருக்குச் சுற்றுலா போகும் ஆசையெல்லாம் இல்லை. வேனையே வாங்கிக்கொள்ளத்தான் ஆசை. இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே கோழிக்கூடுகளை அடுக்கினால் எத்தனை கொள்ளும் என்று அவன் வாசலில் நின்றே மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

புவனேசன் பத்தொன்பது வருடம் சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை பஸ் ஓட்டியவன். தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்திவிட்டபோது, ஸ்டியரிங் இல்லாமல் கை நமநமக்கிறது என்று இந்தப் பன்னிரண்டு இருக்கை வேனை வாங்கினான். சனிக்கிழமைதோறும் ஒருநாள் சுற்றுலா. காலையில் கிளம்பி தஞ்சோங் டாவாய் போவது, ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்ப்பது, மதியம் சாப்பிடுவது, மாலைக்குள் வீடு திரும்புவது. திட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. போன சனிக்கிழமை வேனில் இருந்தது இரண்டு பேர், புவனேசனையும் அவன் மனைவியையும் சேர்த்து.

கோழிக்காரன் போனதும் மனைவி பிரேமாவதி தீர்ப்பு சொன்னாள். அவள் கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருப்பவள். பெட்டிக்கு நூறு என்றால் நூறு; தொண்ணூற்றொன்பதுக்கு அவளிடம் மன்னிப்பு கிடையாது.

"இந்தச் சனிக்கிழம பன்னெண்டு பேரு ஏறணும். ஒருத்தர் கொறஞ்சாலும் திங்கக்கிழம கோழி ஏறும். அப்புறம் என்னைக் கொற சொல்லக்கூடாது லா."

அன்றே புவனேசன் டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஷாமளாவிடம் ஓடினான். அவனுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கைத் திறந்து கொடுத்தவளே அவள்தான். அவள் படத்தைப் பார்த்தாள். கீழே 'வேன் இருக்கிறது' என்ற இரண்டே சொற்களைப் பார்த்தாள். ஒரு ஹேஷ்டேக்கூட இல்லாமல் போட்டால் உங்களைத் தெரியாத ஒருவருக்கு இது எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டாள். பிறகு, கடைக்கு வந்த இரண்டு வாடிக்கையாளர்களைக் காக்க வைத்துவிட்டு, அதன் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தாள்.

எந்தப் பொருளாக இருந்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் புவனேசனுக்கு அதை இன்னொருவருக்கு விளக்காமல் தூக்கம் வராது. இரவுச் சாப்பாட்டில் பிரேமாவதிக்கு விளக்கினான்.

"பஸ்ஸுக்கு முன்னால போர்டு மாட்டுறோமில்ல, அதுதான் ஹேஷ்டேக். 'அலோர் ஸ்டார்'னு போர்டு இருந்தா அலோர் ஸ்டார் போறவன் கைகாட்டுவான். போர்டே இல்லாத பஸ்ஸு காலியா ஓடினாலும் ஒருத்தனும் கைகாட்ட மாட்டான். நான் ரெண்டு வாரமா போர்டு இல்லாம ஓட்டியிருக்கேன் பிரேமா."

"சரி, இன்னிக்கு என்ன போர்டு?" என்றாள் அவள், கீரையைப் பரிமாறிக்கொண்டே.

தஞ்சோங் டாவாய், நண்டு. இந்த இரண்டும்தான் என்றான். அவள் தலையாட்டிவிட்டு, ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரை மணிக்குக் கைப்பேசி அடித்தது. பேசியது கேதரின் என்ற பெண்மணி. தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி. தங்கள் குழுவில் நான்கு பேர் வருவதாகவும், நண்டு நிச்சயம் உண்டுதானே என்றும் கேட்டார். புவனேசன் நண்டுக்குத் தன் உயிரையே உத்தரவாதமாகக் கொடுத்தான்.

பதினெட்டு மணி நேரத்தில் நான்கு இருக்கை. இதிலிருந்து புவனேசன் இன்னொரு விதியையும் கண்டுபிடித்தான். மனிதர்கள் வேலையிடத்தில் சாப்பாட்டு இடைவேளையில்தான் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். ஆகவே முந்தின நாள் மாலை போட்டால் மறுநாள் பன்னிரண்டரைக்கு அது பழுக்கும். தொழிற்சாலையில் பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்காரும் மனைவிக்கு இதையும் விளக்கினான். அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு அறிவைக் கேட்டதே இல்லை என்பதுபோல் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது பலகையாக அவன் 'கோயில்' என்று போட்டான். போகிற வழியில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்து அம்மன் கோயில் இருக்கிறது. பஸ் ஓட்டிய காலத்தில் தினமும் கடந்து போனது. நின்றால் பத்து நிமிடம். பெட்ரோல் அதிகமாகச் செலவாகாது.

புதன்கிழமை பன்னிரண்டரைக்குப் பாப்பம்மா அழைத்தார். அவர் குரலிலேயே திருநீறு மணத்தது. நாங்கள் நான்கு பேர், காப்புக் கட்டியிருக்கிறோம், திங்கட்கிழமை தீமிதி, அதுவரை விரதம் என்றார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். வண்டியை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவியிருக்க வேண்டும். உள்ளே கவிச்சி வாடை என்ற பேச்சே கூடாது.

"கோயில் டிரிப்புதானே தம்பி? வேற ஒண்ணும் இல்லையே?"

"கோயில்தாங்க்கா," என்றான் புவனேசன். அவன் சொன்னதில் பொய் இல்லை. நண்டு மட்டும்தான் இல்லை.

எட்டு இருக்கை நிறைந்த மகிழ்ச்சி அரை மணி நேரம் இருந்தது. அதன் பிறகுதான் அந்த எட்டும் ஒரே வேனில் என்பது அவனுக்கு உறைத்தது. கேதரினை அழைத்து, மதியம் நல்ல சைவச் சாப்பாடு என்றால் எப்படி இருக்கும் என்று நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தான்.

"அண்ணே, நாங்க வர்றதே நண்டுக்குத்தான். ஆத்த நாங்க படத்துல பாத்துக்குவோம்," என்றார் கேதரின்.

பஸ்காரன் மூளை வேறு வழியில் ஓடியது. விரதக்காரர்கள் முன்வரிசை. நண்டுக்காரர்கள் பின்வரிசை. நடுவில், எதையும் கண்டுகொள்ளாத, வாயைத் திறக்காத நான்கு பேரை வைத்துவிட்டால், முன்னால் இருப்பவர்களுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாது. வாயைத் திறக்காத சாதி எது? நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பது தூண்டில் போடுகிறவன்தான். அன்று மாலை 'தூண்டில்' என்ற பலகையை மாட்டினான். இந்த யோசனையைக் கேட்ட பிரேமாவதிக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, ரொம்ப நல்ல யோசனை என்றாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குப் பெர்னார்ட் அழைத்தான். தானும் தம்பி டேரிலும் நண்பன் ஒருவனும் என மூன்று பேர். மூவரும் அதிகம் பேசாதவர்கள்தான். ஆனால் ஒரு வாளி கொண்டு வருவார்களாம். வாளியில் என்ன என்று புவனேசன் கேட்டான். மீனுக்கு இரை என்றான் பெர்னார்ட். மூன்று நாள் வெயிலில் வைத்த கூனிறால். நன்றாக நாறினால்தான் மீனுக்குப் பிடிக்கும் என்று அவனும் பொறுமையாக விளக்கினான்.

இருக்கை பதினொன்று. இனி எவரையும் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது; ஒருவர் குறைந்தாலும் கோழி ஏறும். புவனேசன் மொட்டைமாடி வரை போய் யோசித்துவிட்டு, யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு சொல்லைக் கடைசிப் பலகையாகப் போட்டான்: 'அமைதி'.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு இருளப்பன் என்பவர் அழைத்தார். இருபத்திரண்டு நிமிடம் பேசினார். ரப்பர் வெட்டியது, முட்டி வலி, பெடோங்கில் எங்கே நல்ல வடை கிடைக்கும் என்பது எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தனக்கு ஓர் இடம் போடச் சொன்னார்.

"ஐயா, நீங்க அமைதிய விரும்பித்தானே வர்றீங்க?" என்று கேட்டான் புவனேசன், ஏதோ ஒரு நம்பிக்கையில்.

"நான் விரும்பல தம்பி. என் சம்சாரந்தான் விரும்புறா. சனிக்கிழம முழுக்க நான் வீட்ல இருக்கக் கூடாதுங்கிறா."

சனிக்கிழமை காலை வேன் மஞ்சள் தண்ணீர் மணத்தோடு நின்றது. முன்னால் மஞ்சள் சேலையில் நான்கு பேர். பின்னால் பாடகர் குழு. நடுவில் தூண்டில்காரர்களும் இருளப்பனும். வாளியைப் புவனேசன் மூன்று பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கூரைமேல் கட்டியிருந்தான். பிரேமாவதி வாசலில் நின்று விரல்விட்டு எண்ணினாள். பன்னிரண்டு. ஆனால் எண்ணிக்கை போகும்போது அல்ல, திரும்பும்போதுதான் என்று சொல்லி அனுப்பினாள். வழியில் யாராவது கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டால் அது பன்னிரண்டு ஆகாதாம்.

சுங்கை லாலாங் கோயில்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. பாப்பம்மா குழு கும்பிட்டது. பாடகர் குழுவும் இறங்கி வேப்பமரத்து நிழலில் மரியாதையாக நின்றது. பெடோங்கைத் தாண்டியதும் வெயில் ஏறியது. கூரையில் இருந்த வாளி சூடானது. மெர்போக் சாலையில் ஒரு வளைவு திரும்பும்போது, பின்கண்ணாடியில் பழுப்பாக ஒரு கோடு மெல்ல இறங்கியது.

"என்ன தம்பி வாடை?" என்றார் பாப்பம்மா.

"ஆத்து வாடைங்க்கா."

"ஆறு இன்னும் வரலியே?"

"வரப்போவுது, அதான் முன்னாடியே..."

இருளப்பன் இதுபோன்ற ஒரு வாய்ப்புக்குத்தான் காத்திருந்தார். கூனிறால் என்றால் என்ன, எத்தனை நாள் வெயிலில் வைக்க வேண்டும், பின்வரிசை எந்த நண்டுக்காகப் போகிறது என்று அத்தனையையும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் சொல்லி முடித்தார்.

வேன் நின்றது. பாப்பம்மாவும் மூன்று பெண்களும் இறங்கி, சாலையோரத்தில் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸில் திரும்பிப் போவதாகச் சொன்னார்கள். புவனேசனுக்குக் காது நிறையக் கோழி கூவியது. கும்பிட்டான். தன் பத்தொன்பது வருட ஓட்டத்தில் ஒரு பயணியைக்கூட வழியில் இறக்கியதில்லை என்றான். பாப்பம்மா அசையவில்லை.

அசைந்தது கேதரின். பின்வரிசையிலிருந்து இறங்கி நேராகப் பாப்பம்மாவிடம் வந்தார்.

"அக்கா, தவக்காலத்துல நாப்பது நாளு நாங்களும் கறியத் தொடமாட்டோம். விரதம்னா என்னன்னு எங்களுக்கும் தெரியும்." பிறகு வேனைப் பார்த்துத் திரும்பினார். "பெர்னார்ட், ஏறு மேல. அந்த வாளியத் தூக்கிக் கால்வாயில ஊத்து."

பெர்னார்டும் அதே தேவாலயம். சின்ன வயதில் அவனுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்ததே கேதரின்தான். மூன்று நாள் உழைப்பை ஒரு வார்த்தை பேசாமல் ஊற்றினான். பாடகர் குழுவே தண்ணீர் பாட்டில்களைத் திறந்து கண்ணாடியைக் கழுவியது. கையில் மீதியிருந்த மஞ்சளைப் பாப்பம்மா தெளித்தார். வேன் மறுபடி கிளம்பியபோது கேதரின் முன்வரிசையில் பாப்பம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

தஞ்சோங் டாவாயில் ஒரு கூட்டம் நண்டை உடைத்தது. ஒரு கூட்டம் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை மர நிழலில் பிரித்தது. தூண்டில்காரர்கள் அங்கேயே இரை வாங்கிப் போட்டு, இருளப்பன் பேச்சைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள். மீன் கேட்டுவிட்டு ஓடிவிட்டது. புவனேசனுக்கு ஒரே பயம்தான் மிச்சம். அந்த ஊரில் கால் வைத்தவர்கள் கருவாடு வாங்காமல் திரும்ப மாட்டார்கள். வாங்கினால், பாப்பம்மா மறுபடி இறங்குவார்.

மூன்று மணிக்கு அவன் பார்த்தபோது, கருவாட்டுக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்ததே பாப்பம்மாதான். கையில் இரண்டு பெரிய பை.

"அக்கா, விரதம்?"

"விரதம் எனக்குத்தான் தம்பி. கருவாட்டுக்கு இல்ல. திங்கக்கிழம தீமிதி முடியுது, செவ்வாக்கிழம குழம்பு. நல்லா நாலு சுத்து கட்டிக் கூரையில போடு."

மாலையில் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு பேராகவே இறங்கினார்கள். அடுத்த சனிக்கிழமைக்கு இரு குழுவும் சேர்ந்தே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இருளப்பன் மட்டும், வீட்டில் அனுமதி கிடைக்கும் என்று நிச்சயமாகச் சொன்னார். பிரேமாவதி எண்ணி முடித்து, ஜெயகுமாரைக் கைப்பேசியில் அழைத்து, கோழிக்கு வேறு வண்டி பார்க்கச் சொன்னாள். புவனேசனைப் பார்த்து, பரவாயில்லை, உங்கள் ஹேஷ்டேக் வேலை செய்கிறதே என்றாள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, வாரம் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டியவள்போல் சுடுதண்ணீர் குடித்தாள்.

புவனேசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பொட்டலம் கருவாட்டோடு, கடை மூடுவதற்குள் ஷாமளாவிடம் போனான். பலகைத் தத்துவம், பன்னிரண்டரை மணி விதி, எந்தச் சொல்லுக்கு எந்த ஆள் வருவார் என்ற கணக்கு எல்லாவற்றையும் அவளுக்கே திருப்பிச் சொல்லிக்கொடுத்தான். வேறு கடைக்காரர்களுக்கும் வகுப்பு எடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னான். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா என்று ஷாமளா கேட்டாள். வேனே நிறைந்துவிட்டது, அதை எதற்குப் பார்க்க வேண்டும் என்றான் அவன்.

ஷாமளா அவன் கைப்பேசியை வாங்கினாள். விரலால் மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பூட்டுப் படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அண்ணே, நீங்க அக்கவுண்ட்ட பூட்டியே வெச்சிருக்கீங்க. பூட்டியிருந்தா, எந்த ஹேஷ்டேக் போட்டாலும் ஃபாலோ பண்றவங்கள விட்டா வேற ஒருத்தர் கண்ணுலயும் படாது," என்றாள். "ஒங்கள ஃபாலோ பண்றது ரெண்டே பேரு. ஒண்ணு நான், இன்னொண்ணு பிரேமா அக்கா."