நாற்பத்தெட்டு இலக்கத்தில் உன் பாதி

பாசமுள்ள தங்கைக்கு,

சின்னண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கோபமாக இருப்பவர்களுக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்காது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் தபால்.

விஷயம் இதுதான். அம்மா பேசிய கேசட்டுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியது உனக்குத் தெரியும். ஏற்றிய கையோடு கேசட்டுகளைக் குப்பையில் போட்டேன். அதற்கு உன் அண்ணி என்னைத் திட்டியதைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும். அம்மா அதில் சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் பிரித்து மேய்ந்திருக்கிறார். யாராவது கம்ப்யூட்டரைத் திருடிக்கொண்டுபோய்க் கேட்டால் குடும்ப மானம் என்னாவது? அதனால் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்யும் மென்பொருள் ஒன்றை நிறுவினேன். கடவுச்சொல் தெரியாவிட்டால் உள்ளே இருப்பது எமனுக்கும் புரியாதாம். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறித்தவனுக்கு இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். எந்தக் கடவுச்சொல்லைப் போட்டாலும் 'பலவீனம்' என்றது. உன் அண்ணி பெயரைப் போட்டேன், அதற்கும் 'பலவீனம்' என்றது. அவளை நேரில் பார்த்ததில்லை போல. ஆத்திரத்தில், டிப்போ மேனேஜரை நான் மனசுக்குள் திட்டிய வசவு ஒன்றை அடித்தேன். 'மிகவும் பலம்' என்று பச்சை காட்டியது. மறுநாள் திறக்கப் போனால் எந்த வசவு என்று ஞாபகம் இல்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒன்றா, இரண்டா! ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி அடித்துப் பார்த்தேன். அண்ணி ஜன்னல்களைச் சாத்திவிட்டாள்.

கடவுச்சொல் மறந்தால் திறப்பதற்கென்று நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண் ஒன்றையும் அது ஆரம்பத்திலேயே கொடுத்து, 'வேறிடத்தில் பத்திரமாக வை' என்றிருந்தது. வைத்தேன். முதல் பாதியைப் பெரியண்ணனுக்கும் மறுபாதியை உனக்கும் அனுப்பினேன். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. அதைவிடப் பத்திரமான பூட்டு உலகில் உண்டா? நீ கவரைப் பிரித்ததும் போனில், "ஏன்ணா, என்னைப் பாதிதான் நம்புறியா? அதுலயும் ரெண்டாவது பாதியா?" என்று கேட்டுவிட்டு வைத்தவள்தான். பெரியண்ணனோ, "கடைசிப் பாதி அவகிட்டயா? அப்ப அவதானே முதலாளி?" என்று குதித்தார். குதித்தாலும், கடவுச்சொல் மறந்த கதையைச் சொன்னதும் வந்துவிட்டார். மூன்று நாளாகச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் தர மாட்டாராம், அவரே வாசிப்பாராம். வாசித்தார், கண்ணாடி போடாமல். ஆறுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியலை, கேட்டா "நீ ஒழுங்கா அடிடா"ங்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

சொல்லவே வெட்கமா இருக்கு, தங்கச்சி. அம்மா போனப்புறம் அந்தக் குரல் வேற எங்கயும் இல்லை. நான்தான் பூட்டினேன், நான்தான் தொலைச்சேன். உன் இருபத்துநாலு நம்பரையும் அனுப்பிடு. ஒண்ணு மட்டும் சத்தியமா சொல்றேன், கடைசி கேசட்டுல அம்மா இருபது நிமிஷம் உன்னை மட்டும்தான் புகழ்ந்திருக்காங்க.

மாப்பிள்ளைக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு ஆசிகள், உன் கோபத்துக்கும் என் அன்பான விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் சின்னண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அண்ணி ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நான் பூட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டாளாம். "நீங்க பூட்டுப் போடப் போறேன்னதுமே சாவியைத் தொலைப்பீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். "இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்றேன். "நம்பரைச் சாக்கா வெச்சு அண்ணனும் தங்கச்சியும் ஒரு வீட்டுல உக்காருவாங்களான்னு பார்த்தேன்" என்றாள். டிவியில் சொருகிக் கேட்டோம். அம்மா புகழ்ந்ததாக நான் எழுதியது பொய். இருபது நிமிடமும் மூச்சுவிடாமல் உன்னைத்தான் திட்டுகிறார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் பெரியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவளும் கேக்கணும்டா" என்றார். எண்ணை நீயே வைத்துக்கொள். வந்து உன் திட்டை நேரில் வாங்கிக்கொண்டு போ.