சுவருக்கும் வியர்க்கும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நனைந்த சுகம். அவ்விடம் நீங்களும் அக்காவும் குழந்தைகளும் காய்ந்த சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் ஆசை. உங்கள் படுக்கையறைக் கூரையை நினைத்தால் கேட்க வாய் வரவில்லை. அக்கா என் நம்பரைத் தன் போனில் தடுத்தது போதாதென்று உங்கள் போனையும் பிடுங்கி அதிலும் தடுத்துவிட்டபடியால், இந்தக் காலத்தில் யாரும் செய்யாத காரியமாகப் பேனா பிடித்து எழுதி உங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். படித்ததும் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடவும். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். சட்டைப் பையைத் துழாவுவதில் அக்காவுக்கு உள்ள கைராசி உங்களுக்குத் தெரியாததல்ல.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். அக்கா என்னோடு பேச வேண்டும். போன மழைக்காலத்தில் போனை வைத்தவள், இந்த மழைக்காலமும் வந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. எங்கள் கம்பெனியின் வாத்துப் படம் போட்ட வாட்டர்ப்ரூஃப் பெயிண்டை உங்கள் மொட்டைமாடிக்கு அடித்தோம், முதல் மழையிலேயே மெத்தை நனைந்தது, எல்லாம் சரி. ஆனால் அதற்குக் கசிவு என்று பெயர் வைத்தது அக்கா. எங்கள் ஆபீசில் அந்த வார்த்தையை வாயால் சொல்லக்கூடாது. வெளியே குளிர், உள்ளே சூடு, நடுவில் சுவர். ஆகவே சுவர் வியர்க்கிறது. மனிதனுக்கு வியர்த்தால் அவனை ஓட்டை என்று சொல்கிறோமா? இதைத்தான் பொறுமையாக அவளுக்கு விளக்கினேன். "உங்க வாத்து எங்க கட்டில்லதான்டா நீந்துது" என்று சொல்லிப் போனை வைத்தாள். கூடப் பிறந்தவள் பேசும் பேச்சா இது, நீங்களே சொல்லுங்கள்.

நான் சொகுசாக உட்கார்ந்துகொண்டு வியாக்கியானம் செய்கிறேன் என்றுதானே அவளுக்குக் கோபம்? இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். கடலோரத்தில் ஒரு நகரம். அங்கே ஒரு ஹோட்டலுக்குத் தலை முதல் கால் வரை எங்கள் வாத்துப் பெயிண்டை அடித்து, மாதிரிக் கட்டடம் என்று பலகையும் மாட்டியிருக்கிறோம். அந்த ஊருக்குப் புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னதும் எல்லாரும் கவலைப்பட்டார்கள், எங்கள் மேனேஜர் மட்டும் கைகொட்டிச் சிரித்தார். "நீ உடனே கிளம்பு. கொட்டுற மழையில அந்த ஹோட்டல் கூரைக்குக் கீழ நின்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. மழை தெரியணும், ஈரம் தெரியக்கூடாது." கேமராக்காரர் யார் என்று கேட்டேன். "உன் கையில போன் இல்லையா?" என்றார். புயல் என்கிறார்களே சார் என்றேன். "அதுக்குத்தானய்யா அனுப்புறேன்!" என்றார். பேசி ஜெயிக்கக் கூடிய ஆள் இல்லை அவர்.

அந்த ஊரிலிருந்து வந்த பஸ்களில் ஜனம் பிதுங்கிக்கொண்டு வந்தது. அந்த ஊருக்குப் போன பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், நான். கண்டக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அங்க யாராவது தவறிட்டாங்களா சார்?" என்று கேட்டார். இல்லை, பெயிண்ட் விஷயமாகப் போகிறேன் என்றேன். "இந்த மழையிலயா?" என்றவர் எழுந்து போய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார், இறங்கும் வரை என் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கிக் குடையை விரித்தேன். கம்பி என் கையிலேயே இருந்தது, துணி மட்டும் காற்றோடு போயிற்று. சாலை எது சாக்கடை எது என்று காலால் தடவித் தடவி ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தால், வரவேற்பறை முழுக்க வரிசையாகப் பூந்தொட்டிகள். என்ன ரசனை என்று மெச்சிக்கொண்டு கிட்டே போனேன். ஒரு தொட்டியிலும் செடி இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சொட்டுக்கு நேர் கீழே வைக்கப்பட்டிருந்தது.

கம்பெனித் தொப்பியைப் பைக்குள் ஒளித்துவிட்டு, சாதாரண விருந்தாளி மாதிரி அறை எடுத்தேன். சாப்பிட்டுவிட்டு மதியம் சற்றுக் கண்ணயர்ந்தேன், நெற்றிப் பொட்டில் சொட்டென்று விழுந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். சொட்டும் இடம் மாறி வந்தது. கதவுப் பக்கம் இழுத்தேன், அங்கே எனக்கு முன்பே தயாராக இருந்தது. வாளியைத் தலையணை மேல் வைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்து, வரவேற்பறைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். நேரிலேயே வந்தாள். தலை கலையாமல், முகம் மாறாமல், அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"ரூம் ஒழுகுதும்மா" என்றேன்.

"ஒழுகல சார். சுவர் வியர்க்குது."

"என்னது?"

"வெளிய குளிர், உள்ள சூடு, நடுவுல சுவர். மனுஷனுக்கு வியர்த்தா அவன ஓட்டைன்னு சொல்வோமா சார்?"

சொல்லுக்குச் சொல் என்னுடையது, அத்தான்! நான் எழுதி, ஆண்டு விழாவில் சுவர்க் கடிகாரம் பரிசு வாங்கிய வாசகம். யாரம்மா இதைச் சொல்லிக்கொடுத்தது என்றேன். "பெயிண்ட் கம்பெனியில அச்சடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க சார். நல்லா எழுதியிருக்காங்க. பாதிப் பேரு நம்பிடறாங்க."

"மீதிப் பேரு?"

"காலி பண்ணிட்டுப் போயிடறாங்க."

இதை எழுதின பாவி மட்டும் கையில் கிடைத்தால் என்று பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்பதற்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. சொல்லும்போது அவ்வளவு தெரியவில்லை.

அதற்குள் மேனேஜர் போன். "எங்கய்யா வீடியோ? ஊரே எதிர்பார்க்குது!" ஈரமில்லாத கூரை ஒன்றைத் தேடிக் கடைத்தெருவில் இறங்கினேன். மருந்துக் கடையில் அலமாரிகளுக்குத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். பேங்கில் காசாளர் குடைக்குள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எங்கள் வாத்துப் பெயிண்ட் டப்பா இருந்தது, காலியாக, சொட்டும் தண்ணீரைப் பிடிப்பதற்கு. அந்த டப்பா மட்டும் எங்கேயும் ஒழுகவில்லை. அந்தப் பெருமையை யாரும் எங்களிடமிருந்து பறிக்க முடியாது.

கடைசியில் ஒரு சலூன். உள்ளே அண்ணாந்து பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை. பார்த்தது பார்த்தபடி நின்றேன். "கழுத்து பிடிச்சுக்கிச்சா சார்?" என்று கேட்டார் முடிவெட்டுகிற அண்ணன். இல்லை, ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்றேன். "எடுங்க. ஆனா நாற்காலியில உக்காந்து எந்திரிச்சாத்தான் கஸ்டமர்" என்று துணியைப் போர்த்தி, மெஷினை ஓட்டினார். ஒரு பக்கம் முடிந்ததும் மின்சாரம் போய்விட்டது. கத்தரிக்கோலால் மறுபக்கத்தை முடியுங்கள் என்றேன். "மெஷின்லதான் சார் கை பழகினது" என்று கையை விரித்துவிட்டார். சரி, ஒரு பக்கமாகத் திரும்பி நின்று எடுத்துக்கொள்வோம் என்று எழுந்தால், சுவர் நடுவில் காலண்டர். அதில் ஆமைப் படம். எங்களுக்கு நேர்ப் போட்டிக் கம்பெனி! அந்தக் கூரைக்கு அடித்திருந்ததும் ஆமைப் பெயிண்ட்தான். நானும் லேசுப்பட்டவனா? என் மழைக்கோட்டைக் கழற்றிக் காலண்டர் மேல் மாட்டினேன், வாத்துத் தொப்பியைத் தலையில் வைத்தேன், மழை தெரிவதற்காகக் கதவைத் திறந்து பிடிக்கச் சொன்னேன், "வெளியே புயல், உள்ளே வாத்து!" என்று முழங்கினேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "இதான்யா வேணும்!" என்று கத்தியது காதிலேயே நிற்கிறது. அன்று மாலைக்குள் கம்பெனி அதை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டது.

ஆகவே அத்தான், என் நெற்றியிலேயே சொட்டியும் நான் கொள்கையில் பிடி தளரவில்லை. இதை அக்கா நல்ல மனநிலையில் இருக்கும்போது எடுத்துச் சொல்லுங்கள். தம்பி தனியாகப் புயலில் மாட்டிக்கொண்டு பிஸ்கட்டைத் தின்று நாளைத் தள்ளுகிறான் என்று சொல்லுங்கள். லேசாகக் காய்ச்சல் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், நனைந்த வேகத்துக்கு வராமலா போகும்? கசிவு என்ற வார்த்தையை அவள் வாபஸ் வாங்கினால் போதும், வேறு எந்த நிபந்தனையும் என்னிடம் இல்லை. அவள் திட்டினாலும் பரவாயில்லை, குரலையாவது கேட்க வேண்டும் போலிருக்கிறது. இந்த அறையில் சொட்டுச் சத்தம் தவிரத் துணைக்கு வேறு ஒன்றுமில்லை.

குழந்தைகள் இருவரும் சளி பிடிக்காமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வர மாமாவின் ஆசீர்வாதம். அக்காவின் காலில் விழுந்ததாகச் சொல்லவும். அவள் நகர்ந்துகொண்டாலும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
பாதி முடி வெட்டிய மைத்துனன்

பி.கு.: தபால் நிலையம் தண்ணீரில் நிற்பதால் கடிதம் என் பையிலேயே கிடந்தது. அதற்குள் அக்காவே போன் செய்துவிட்டாள்! உங்கள் மகள் வீடியோவைக் காட்டினாளாம். எடுத்த எடுப்பில், "ஏன்டா, காத்துல உன் கோட்டு தூக்கினப்ப பின்னாடி ஒரு ஆமை தெரிஞ்சுதே, அந்தப் பெயிண்ட் எந்தக் கடையில கிடைக்கும்?" என்றாள். மேனேஜர் கண்ணுக்கும் ஊர் கண்ணுக்கும் தப்பின ஆமை! "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். "வியர்வைன்னு சொன்னே, வச்சிடுவேன்" என்றாள். கடையின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். அப்புறம், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தான். இதை வியர்வை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் கிழித்துப் போடுங்கள். கசிவு கசிவுதான். ஒன்று மட்டும் அவசரம். இப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டார். அடுத்த வீடியோவை என் சொந்த அக்கா வீட்டில், அடுத்த மழையிலேயே எடுக்க வேண்டுமாம். அவரும் கூட வருகிறாராம். அதற்குள் இரண்டு கோட்டிங் அடித்துவிடுங்கள். டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கடைக்காரர் ஆசையாகக் காலண்டர் கொடுப்பார். தயவுசெய்து வாங்காதீர்கள்.