முதல் லெவல் மாடு

வீடியோ கேம் விளையாடுகிற ஒவ்வொருவனுக்கும், தானே ஒரு கேம் செய்துவிடலாம் என்கிற நினைப்பு எப்படியோ வந்துவிடுகிறது. பரோட்டா தின்கிறவன் எல்லாம் மாஸ்டராகிவிட முடியாது என்று மதுரைக்காரனுக்குத் தெரியும். இது மட்டும் மண்டையில் ஏறாது. இப்படிப்பட்ட மடையர்கள் சங்கம் வைத்தால், தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து யாரும் நிற்க முடியாது.

இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திருநகர் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்த காலம் அது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் கேம் உலகச் செய்திகளைப் படித்துவிடுவேன். வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனி ஆட்களைக் கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு அனுப்பும். அதே கம்பெனித் தலைவர் அடுத்த வாரமே மேடையேறி, விளையாட்டின் எதிர்காலத்தைப் பற்றிக் கண் கலங்கப் பேசுவார். வேலை போனவர்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. அந்தத் தலைவர் போட்டிருந்த மாதிரியே ஒரு கறுப்பு டி-ஷர்ட்டை டவுன்ஹால் ரோட்டில் தேடி வாங்கினேன் (எருமை கறுப்பாக இருக்கிறது, அது கம்பெனியா நடத்துகிறது?).

இதற்கிடையில் சென்னையில் ஒரு வேலை கிடைத்துத் தொலைத்தது. பொங்கல் முடிந்ததும் சேர வேண்டும். எனக்கோ அடிமை வேலை ஆகாது, நான் ஒரு படைப்பாளி. திருநகரில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்த அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாயைத் திறந்தார்.

"அந்த கேமை ஒன் மாமன் ஊர்ல கொண்டு போய்ப் போட்டுக் காட்டு. அங்க நாலு பேரு நல்லாருக்குன்னு சொன்னா நீ வேலைக்கே போக வேணாம். இல்லைன்னா பேசாம பொட்டியக் கட்டு."

நான் செய்துகொண்டிருந்தது ஜல்லிக்கட்டு கேம். மாமாவின் ஊரோ எழுமலைப் பக்கம், மாடு என்றால் சோறு தண்ணி மறக்கிற ஊர். ஜெயித்தாயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். நான் ஜல்லிக்கட்டை நேரில் பார்த்ததில்லை என்பதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. டிவியில் பார்த்திருக்கிறேனே, போதாதா?

கேம் செய்வது எப்படி என்று அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு பாடம் எடுக்கும் மேதாவிகள் அத்தனை பேரும் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆடுகிறவன் முதல் நிமிடத்திலேயே ஜெயிக்க வேண்டும், தோற்றால் கேமைத் தூக்கிக் கடாசிவிட்டுப் போய்விடுவான். ஆகவே முதல் லெவலுக்கு ஒரு லேசான மாடு வேண்டும். ஜல்லிக்கட்டு வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். வாடிவாசலிலிருந்து முதலில் ஒரு மாடு வருகிறது. கழுத்தில் மாலை. நிதானமான நடை. ஒருத்தனும் பாயவில்லை, எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். போட்டிக்கு ஆளே இல்லாத மாடு! இதைவிட லேசாக ஒரு மாடு கிடைக்குமா? தூக்கி முதல் லெவலில் வைத்தேன். ஏன் ஒருத்தனும் அதைத் தொடவில்லை என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அரங்கேற்றம். மாமா மகன் செல்வம் கல்யாண வீடியோ எடுப்பவரிடம் புரொஜக்டர் வாங்கி வந்தான். சுவருக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, ஜன்னல்களைச் சாக்கால் மூடினோம். கூட்டம் நெருக்கித் தள்ளியது. அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் இருந்தார்கள். நான் கறுப்பு டி-ஷர்ட்டோடு எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"மாப்ள, கதையெல்லாம் பெறகு பேசு. மாட்ட அவுத்து விடு" என்றார் மாமா.

அவிழ்த்து விட்டேன். வேட்டியில் மாலையோடு மாடு வந்தது. ஆண்கள் விசிலடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். மாமா எழுந்து நின்று கும்பிட்டார். என் திறமைக்குத்தான் இம்புட்டு மரியாதை என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்படியே பொத்தானைத் தட்டினேன். கேம் நாயகன் எகிறிப் பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டான். மாலை அறுந்து பறந்தது. 'சூப்பர்! நூறு பாயிண்ட்!' என்று எழுத்து மின்னியது.

கும்பிட்டு நின்ற மாமாவின் கை பொத்தென்று இறங்கியது.

"எவன்டா அவன், நம்ம சாமி மாட்டு மேல கைய வச்சது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது... பிளேயருண்ணே."

"எந்த ஊர்க்காரன் அவன்?"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மொதல்ல வாரது கோயில் மாடுடா! அதுக்கு வழிவிட்டுக் கும்பிட்டுத்தான் நிப்பாய்ங்க. எவனும் தொட மாட்டான். ஒங்க ஆத்தா இதக்கூடவா ஒனக்குச் சொல்லித் தரல?"

"எங்கிட்ட எங்க கேட்டான்? அமெரிக்காக்காரன்ட்டல்ல கேட்டான்!" என்று அம்மா ஒரேயடியாகக் கைகழுவினாள்.

"அடுத்த அப்டேட்ல சரி பண்ணிர்றேன் மாமா."

"அதெல்லாம் வேணாம். இப்ப அவன எறங்கச் சொல்லு."

பதற்றத்தில் நான் எதையோ அமுக்க, லேப்டாப் அப்படியே உறைந்து நின்றது. நாயகன் திமிலை விடுவதாக இல்லை. "எறங்குடா! டேய், எறங்குடா!" என்று மொத்தக் கூடமும் வேட்டியைப் பார்த்துக் கத்தியது. ஒருவர் ஆத்திரத்தில் வேட்டியை உருவிப் போட்டார். படம் பின்னாலிருந்த சுவரில் போய் விழுந்தது. அங்கே அவன் இன்னும் பெரிதாகத் தெரிந்தான். கடைசியில் செல்வம்தான் வயரைப் பிடுங்கி என் உயிரைக் காப்பாற்றினான்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் ஊர்ச் சாமி மாட்டுக்கு மாலை போட்டு, ஊர் பார்க்க நான் விழுந்து கும்பிட வேண்டும் என்று தீர்ப்பானது. விழுந்தேன். மாடு என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரும்பி நின்று சாணி போட்டது. "சாமி மன்னிச்சிருச்சு" என்றார் மாமா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன். பொங்கல் முடிந்து சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்த வேலையில்தான் இன்றும் குப்பை கொட்டுகிறேன். பாடம் எடுத்த மேதாவிகளில் பலருக்கு இப்போது வேலை இல்லையாம், செய்தியில் படித்தேன். மாமாவின் ஊரிலேயே எனக்குப் பெண்ணும் பார்த்தார்கள். மணவறையில் கவிதாவின் கையை என் கையில் பிடித்துக் கொடுக்கிற நேரம், செல்வம் பின்னாலிருந்து மண்டபமே அதிரக் கத்தினான்: "மாப்ள! தொடலாமான்னு ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொடு!"

மொத்த மண்டபமும் சிரித்தது. தலைகுனிந்திருந்த கவிதாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சமுதாயக் கூடத்தில் அன்று அவளும் இருந்தாளாம், 'எறங்குடா' என்று தொண்டை வற்றக் கத்தினாளாம். இப்போதும் வீட்டில் முதல் தோசைக்கு நான் கை நீட்டினால், "அது சாமி மாடு, எறங்குங்க" என்கிறாள்.

இறங்கிவிடுகிறேன்.