தலைக்கனம் பற்றி நான் ஆற்றிய உரை

என்னைப் பற்றி இதுவரை வெளிவந்த ஆகச் சிறந்த புகழுரையை எழுதியவன் நானேதான். (நம் மேடைகளில் பேச்சாளரே தன் அறிமுகத்தை எழுதிக் கொடுப்பார். அறிவிப்பாளர் அதைத் தன் சொந்தக் கருத்துபோல வாசிப்பார். ஊரறிந்த ரகசியம்.)

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலை, ‘தலைக்கனம்: ஒரு சொல்லின் பிறப்பும் பொருளும்’ என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கிள்ளானில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அதுதான் முதல் மேடை. அதைவிட முக்கியம், பந்திங்கிலிருந்து பெண் வீட்டார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை பேசுவதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. பெண்ணின் பெயர் மாலதி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறிவிப்பாளர் அக்கா கைப்பேசியை எடுத்து, நான் அனுப்பிய வாட்ஸ்அப்பை முதல் வரியிலிருந்தே கணீரென்று வாசித்தார்.

“அக்கா, இத நீங்களே எழுதின மாதிரி வாசிங்க. ‘கிள்ளானின் தமிழ்ச் சிங்கம், அடக்கமே உருவான இளைஞர்’னு சொன்னதும் கொஞ்சம் நிறுத்துங்க, கைதட்டுவாங்க. தட்டலன்னா நீங்க ஆரம்பிச்சு வைங்க லா.”

வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கேட்டுக்கொண்டதைத் தட்டமுடியாத அக்கா மட்டும் தனியாகக் கைதட்டினார்.

மைக்கைப் பிடித்தேன்.

“தலைக்கனம்... தலை, கனம், ரெண்டு சொல்லு. தலை தமிழ். கனம் வடமொழியிலேர்ந்து வந்துச்சு. ஒருத்தன் தன்னையே பெருசா நெனச்சுக்கிறது. உதாரணமா...”

மாலதியின் அப்பா உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார்.

“தம்பி, உதாரணம் வேணாம் லா. இப்பதான் பார்த்தோம்.”

பேச்சு அத்தோடு முடிந்தது. கார் பார்க்கில் ஒரு வேனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். மாலதி தேடிக்கொண்டு வந்தாள்.

“அப்பா வேணாம்னுட்டாரு. நான் சரின்னுட்டேன்.”

அக்கா வாசித்ததைக் கேட்டபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. “ஏங்க?” என்றேன்.

“மத்த ஆம்பளைங்களுக்குத் தலைக்கனம் இருக்கான்னு கண்டுபிடிக்கவே பத்து வருஷம் ஆகும். நீங்க மைக் வச்சு சொல்லிட்டீங்க. இனிமே கொறைக்கிற வேலதானே, நான் பாத்துக்கிறேன்.”

கல்யாணமாகிப் பதினோரு வருடம். என் அறிமுகத்தை இன்றுவரை அவள்தான் எழுதி அனுப்புகிறாள். ஆரம்பத்தில் மூன்று வரி இருந்தது. போன மாதம் செலாயாங்கில் ஒரு மேடையில் அறிவிப்பாளர் என் பெயரை மட்டும் வாசித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். மாமனார் எழுந்து நின்று கைதட்டினார்.