ஆறு எலுமிச்சம்பழம் வாங்கி வாருங்கள், மாமா

சந்தாபுரா
புதன்கிழமை, பாப்பா தூங்கிய பிறகு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் சௌம்யா கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், உங்கள் மகன், பேத்தி மகிழினி, நீங்கள் வாங்கித் தந்த கார் ஆகிய நால்வரும் சௌக்கியம். கார் மட்டும் கொஞ்சம் களைத்த மாதிரி தெரிகிறது. திருப்பத்தூரில் நீங்களும் அத்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் கொஞ்ச நாளாக எப்போது போன் போட்டாலும் "மாடியில இருக்கேம்மா, ஒரே காத்து, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். நம் வீட்டு மாடியில் இவ்வளவு காற்று எப்போதிலிருந்து அடிக்கிறது மாமா? சளி பிடித்துக்கொள்ளும், மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள். போனில் பிடிக்க முடியாததால்தான் இந்தக் கடிதம்.

போன ஆயுத பூஜைக்கு நீங்கள் இங்கே வந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் காரைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயை நீங்கள் உடைத்த வேகத்தில் பக்கத்துக் காருக்கும் குங்குமம் தெறித்து, எல்லாம் முடிந்தபின் தட்டில் கற்பூரத்தை ஏற்றி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "என் பேத்திய ரெண்டு சக்கரத்துல ஏத்தமாட்டோம்னு அடிச்சுச் சொல்லுங்க" என்று சத்தியம் வாங்கினீர்கள். உங்கள் மகன் ஏதோ முனகியதற்கு, "முப்பது வருஷம் பஸ் ஸ்டீரிங் பிடிச்சவன்டா நான். மேல இருந்து பார்த்தா கீழ ஸ்கூட்டர்ல போற குழந்தைங்க தலை மட்டும்தான் தெரியும். எனக்குத் தூக்கத்துலகூட பிரேக்குல கால் போவும்" என்றீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரத்தில் அடித்துச் சொன்னேன். நான் ஏற்கனவே பாப்பா திராட்சை தின்றால்கூட எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். உங்களை மீற எனக்கு மனசு வருமா?

ஆனால் மாமா, அந்தக் காரில் நாங்கள் போவதே இல்லை. நின்றுகொண்டுதான் இருக்கிறோம். எலக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் விட்டு இரண்டு பேரும் காரில் ஏறினால் சந்தாபுரா சர்க்கிளுக்கு வருவதற்குள் எனக்கு இரண்டு தடவை பசித்து ஒரு தடவை அழுகை வந்துவிடும். பாப்பாவின் டேகேர் ஆறு மணிக்கு மூடுகிறது. ஜானகி மிஸ் தன் ஹேண்ட்பேக்கை ஒரு தோளிலும் பாப்பாவின் பையை இன்னொரு தோளிலும் மாட்டி, பாப்பாவைக் கேட்டிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். "தினா லேட்டாத்ரெ ஹேகம்மா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, எனக்கு நன்றாக உறைக்கட்டும் என்று தமிழுக்கு மாறி, "தினமும் லேட்னா எப்படி? இந்த மாசமும் இப்படியே வந்தா சீட்ட வேற குழந்தைக்குக் குடுத்துடுவேன்" என்றார். நல்ல டேகேர் மாமா. அங்கேதான் பாப்பா கீரை தின்கிறாள். அந்த சீட் போனால் நான் வேலையை விடவேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். காரில் ஆபீஸுக்கு வருவதை விட்டுவிட ஒப்புக்கொண்டால் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க எலக்ட்ரிக் பைக் தருவார்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். ஆள் சேர்க்கிற பொறுப்பு என்னோடு வேலை பார்க்கும் ஆஸ்டின் டவுன் பையன் நோயலுக்கு. "மேடம், நீங்க கார் வச்சிருக்கல, கார்தான் உங்கள வச்சிருக்குது. சும்மா ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க மா" என்றான். பெயர் கொடுத்துவிட்டேன். உங்கள் மகனுக்கு வேறு ஆபீஸ், இந்தத் திட்டம் இல்லை. ஆகவே அவர் காரில், நான் பைக்கில்.

முதல் நாளே ஒரு கூத்து. இத்தனை நாள் சீட் பெல்ட் போட்டுப் பழகிய உடம்பு, பெல்ட் இல்லாமல் வெடவெடவென்று ஆடுகிறது. சரியென்று துப்பட்டாவால் இடுப்பைச் சீட்டோடு சேர்த்து ஒரு கட்டு, மேலே ஒரு முடிச்சு. நன்றாகத்தான் போனேன். ஆபீஸ் கேட்டில் செக்யூரிட்டி "இறங்குங்க மேடம், செக்கிங்" என்றபோதுதான் இறங்க முடியாது என்று தெரிந்தது. பின்னால் பதினைந்து வண்டி ஹாரன். நோயல் ஓடிவந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "இத போட்டோ எடுத்து நோட்டீஸ்ல போட்டா ஒருத்தன் வரமாட்டான் மேடம்" என்றான்.

ஆனால் சாயங்காலம்! மாமா, சத்தமில்லாமல், புகையில்லாமல், லாரிகளுக்கு நடுவில் புகாமல் ஓரமாகவே வந்து (கவலைப்படாதீர்கள், ஓரமாகவே), மணி ஆறடிக்க நிறைய நேரம் இருக்கும்போதே டேகேர் வாசலில் நின்றேன். ஜானகி மிஸ் அப்போதுதான் மாங்காய்க்கு உப்பு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தார். "யாரு வேணும்?" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றினேன். மாங்காய் கீழே விழுந்துவிட்டது.

எல்லாம் சரி, பாப்பாவை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது? சத்தியம் இருக்கிறதே! ஆட்டோவில் வரலாம் என்றால் ஆபீஸ் பைக்கைத் தெருவில் விட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வராது. ஆகவே தினமும் நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடக்க, பாப்பா பக்கத்தில் ஹாரனை அமுக்கிக்கொண்டு நடக்க, ஊர்வலமாக வருகிறோம். ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "க்யா மேடம், பெட்ரோல் காலியா?" என்றார். "இது கரண்ட் வண்டிங்க." "அப்ப கரண்ட் கட்டா?" டீக்கடைக்காரர் பிரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு, "இங்க சொருகிக்கோம்மா, பாவம்" என்கிறார். நேற்று நோயல் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தான். "மேடம், உங்களால மூணு பேரு பேரை வாபஸ் வாங்கிட்டாங்க. சந்தாபுரால இருந்து வர்றவன் பூரா நீங்க தள்ளிட்டுப் போறதப் பார்த்துட்டான். தள்ற வண்டிக்கு எவன் காரை விட்டுட்டு வருவான்?"

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், தள்ளிக்கொண்டு நடந்தே நாங்கள் வீடு வந்து, பாப்பா முகம் கழுவி, தயிர்சாதம் தின்று, பாதியைத் துப்பிய பிறகுதான் நீங்கள் வாங்கித் தந்த கார் உங்கள் மகனோடு கேட்டுக்குள் நுழைகிறது.

உங்கள் மகன் நேற்று ஒரு வழி கண்டுபிடித்தார். "ஏத்தமாட்டோம்னுதானே சொன்னோம்? நான் பாப்பாவ அப்படியே அந்தரத்துல தூக்கிப் பிடிச்சுக்கறேன். நீ வண்டிய உருட்டிட்டு வந்து அடியில நிறுத்து. நாம ஏத்தல, வண்டிதான் வந்து நின்னுச்சு." பேஸ்மென்ட்டில் ஒத்திகையும் பார்த்தார். பாப்பா சிரித்துச் சிரித்து அவர் சட்டை மேலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "மாமாவ ஏமாத்தலாம், கற்பூரத்தை ஏமாத்த முடியுமா?"

ஆகவே மாமா, சத்தியத்தை வாங்கியவர் நீங்கள், நீங்களே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு ஹெல்மெட் வாங்கிவிட்டேன், சின்ன சீட்டும் பார்த்துவைத்திருக்கிறேன். மெதுவாகத்தான் ஓட்டுவேன், நாய் என்னை முந்துகிறது. பயம் எனக்கும் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் மூடின கேட்டில் பாப்பா நிற்பதைக் காருக்குள் மாட்டிக்கொண்டு நினைத்துப் பார்க்கிற பயம் அதைவிடப் பெரிது. இந்த ஆயுத பூஜைக்கு வரும்போது ஆறு எலுமிச்சம்பழம் வாங்கி வாருங்கள். காருக்கு நாலு, பைக்குக்கு இரண்டு. நீங்களே ஒருதரம் ஓட்டிப் பார்த்தால் இனி கார் பக்கமே திரும்பமாட்டீர்கள், இந்த வயதிலும் அவ்வளவு சுலபம்.

அத்தைக்கு முழங்கால் தைலம் தனியாக அனுப்புகிறேன். பாப்பா உங்களுக்கு ஒரு முத்தமும் ஒரு கீரைத்துணுக்கும் தரச் சொன்னாள். முத்தம் மட்டும் இதோடு வருகிறது.

உங்கள் ஆசீர்வாதத்தையும் சம்மதத்தையும் ஒன்றாகவே கேட்கும்,
சௌம்யா

பி.கு.: மாமா, மேலே எழுதிய எதையும் படிக்கவேண்டாம்! கவரில் போடப்போகும் நேரத்தில் நாத்தனார் வீணா ஒரு போட்டோ அனுப்பினாள். "அப்பா ஸ்டைல பாருங்க அண்ணி, உங்ககிட்ட சொல்லக்கூடாதாம், பயந்துடுவீங்களாம்" என்று. எலக்ட்ரிக் பைக்கில் நீங்கள்! இதுதான் அந்த மாடிக் காற்றா? இந்த வயதில் இது தேவையா? சுலபம் என்று நான் எழுதியது சுத்தப் பொய். உடனே இறங்குங்கள். சனிக்கிழமை உங்கள் மகன் காரைத் திருப்பத்தூருக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார், இனிமேல் நாலு சக்கரத்தில்தான் நீங்கள் வெளியே போகவேண்டும். கற்பூரம் நான் கொண்டுவருகிறேன், நீங்கள் அடித்துச் சொல்லவேண்டும்.

போட்டோவைப் பெரிதாக்கி, முழங்கையில் சிராய்ப்பு ஏதும் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஆனால் பின்னால் ரோஸ் கலரில் ஒரு குட்டி சீட் மாட்டியிருக்கிறது, வாத்துப் படம் போட்டு. அதில் உட்கார நம் வீட்டில் ஒரே ஒரு ஆள்தானே மாமா இருக்கிறாள்?

அந்த சீட்டின் பெல்ட்டை ஒருதரம் நன்றாக இழுத்துப் பார்த்துவிடுங்கள்.