பேட்டரிக்குப் பூசிய சந்தனம்

ஆயுதபூஜைக்கு மறுநாள் எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்று. ஆறு மணி அரியலூர் பஸ்ஸை ஸ்டார்ட் செய்து ஷெட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும்.

யுத்தம் முடிந்து, கரி பஸ்கள் ஒழிந்து, மறுபடி பெட்ரோல் பஸ் ஓடத் தொடங்கிய சமயம். பெரம்பலூர் பஸ் ஷெட்டில் எனக்கு ராத்திரிக் காவல். தூக்கம் வராத சுபாவம், பேச ஆளில்லாத உத்தியோகம். பழைய பேப்பர் கடையில் கிடைத்த அட்டையில்லாத மின்சாரப் புத்தகத்தைப் படித்துப் படித்து, பேட்டரிகளுக்கு வைத்தியனாக என்னை நானே நியமித்துக்கொண்டிருந்தேன். நோயாளிகள்தான் ஒத்துழைப்பதில்லை.

முதல் ஆளாக ஆரோக்கியம் வாத்தியார் வந்து பஸ்ஸில் உட்கார்ந்தார். வரதராஜன்பேட்டைக்காரர். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. பத்தரை மணிக்குத் திருச்சியில் சயின்ஸ் வாத்தியார் வேலைக்குப் பேட்டி. அரியலூரில் ஏழரை ரயிலைப் பிடித்தாக வேண்டும். எட்டு வருஷமாக இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டெம்பரவரியாகவே காலம் தள்ளுகிறாராம். இதை விட்டால் வயசு தாண்டிவிடும் என்றார்.

"கவலைப்படாதீங்க சார், நான் இருக்கேன்ல" என்றேன். அவருக்கு வந்த கஷ்டமே அதுதான்.

செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கினேன். 'டக்.' அவ்வளவுதான். விளக்கைப் போட்டால் ஜம்மென்று எரிகிறது. செல்ஃபை அமுக்கினால் விளக்கும் சேர்ந்து அணைகிறது.

டிரைவர் சூசை என் முகத்தைப் பார்த்தான். நான் அசரவில்லை. திராவகம் கெட்டியாகிவிட்டதென்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்து, பேட்டரித் தண்ணீர் ஊற்றினேன். மறுபடி 'டக்.'

சுற்றி ஸ்டார்ட் செய்ய இரும்புக் கைப்பிடி இருக்குமே என்பீர்கள். இருந்தது. வளைந்திருக்கிறதென்று நான்தான் அதை ஆசாரி பட்டறைக்கு அனுப்பியிருந்தேன். ஓடினேன். அங்கே சம்மட்டிக்குப் பக்கத்தில், பூவும் பொட்டுமாகக் கைப்பிடியும் சாமியாகிப் படுத்திருந்தது. மறுபூஜை போடாமல் தொட விடமாட்டேன் என்றார் ஆசாரி. எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். ராகுகாலம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல் என்றார்.

சரி, தள்ளுவோம் என்று முடிவாயிற்று. மழையில் ஷெட்டு வாசல் முழுக்கக் கரிசல் சேறு. வாத்தியாரும் இறங்கித் தோள் கொடுத்தார். பஸ் சக்கரம் நாலு விரற்கடை புதைந்தது. வாத்தியார் முழங்கால் வரை புதைந்தார்.

பேட்டரி செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். வாத்தியார் சேற்றுக் கோட்டோடு வந்து, சூசையைச் செல்ஃபை அமுக்கச் சொல்லிவிட்டு, பேட்டரியின் ஈயக் கொம்பைக் கவ்வியிருந்த கிளாம்பைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்தார்.

"ஏம்ப்பா, இந்த இடம் மட்டும் ஏன் இப்படிச் சுடுது? கழட்டு."

கழற்றினேன். உள்ளே சந்தனம். காய்ந்து, கெட்டியாக, குங்குமத்தோடு.

மற்றவர்கள் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் படித்தவன் அல்லவா? பேட்டரிக்கு உயிர்நிலையே இந்த ரெண்டு கொம்புதான் என்று புத்தகத்தில் அடிக்கோடே போட்டு வைத்திருந்தேன். ஆகவே கிளாம்பைக் கழற்றி, கொம்பு முழுக்கச் சந்தனம் பூசி, மேலே மறுபடி இறுக்கித் திருகியிருந்தேன். விளக்குக்கு வேண்டிய துளிக் கரண்டு சந்தனத்தைத் தாண்டி எப்படியோ கசிந்து வந்துவிட்டது. செல்ஃபுக்கு வேண்டியது காவேரி வெள்ளம். அது அங்கேயே முட்டி, சூடாகி, நின்றுவிட்டது.

சூசை எட்டிப் பார்த்தான். "ஏண்ணே, மொட்டையடிச்சுச் சந்தனமும் தடவிட்டீங்க. அப்படியே காதையும் குத்திருக்கலாம்ல?"

பஸ்ஸே சிரித்தது, வாத்தியாரைத் தவிர. கத்தியால் சுரண்டி மாட்டினேன். முதல் அமுக்கிலேயே என்ஜின் உறுமியது. மணி ஏழு.

குற்ற உணர்ச்சியில் நானும் ஏறிக்கொண்டேன். அரியலூரில் எங்களுக்குக் கிடைத்தது ரயிலின் புகை மட்டும். வாத்தியார் திட்டவில்லை. முதுகில் இருக்கிற சேற்றைக் கொஞ்சம் தட்டிவிடச் சொல்லிவிட்டு, அடுத்த ரயிலுக்காக பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த லீவுக்கு அவரே ஷெட்டுக்கு வந்தார். வேலை கிடைத்துவிட்டதாம். பேட்டியில், ஏன் இத்தனை தாமதம், கோட்டில் ஏன் சேறு என்று கேட்டிருக்கிறார்கள். கரும்பலகையில் கொம்பையும் கிளாம்பையும் வரைந்து, நடுவில் என் சந்தனத்தையும் போட்டு, தொடுகிற இடம் சுத்தமில்லாவிட்டால் கரண்டு என்ன பாடுபடும் என்று விளக்கியிருக்கிறார். அதற்கப்புறம் வேறு கேள்வியே இல்லையாம்.

"இப்பவும் ஒன் பேரைச் சொல்லித்தாம்ப்பா மூணாம் பாரத்துப் பசங்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துறேன்" என்றார்.

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இப்போது வருஷம் தவறாமல் மூன்றாம் பாரத்துக்குப் போய் வருகிறேன், மின்தடைப் பாடத்துக்கு உதாரணமாக.